குழந்தைகளின் சிறுநீர்த் தொற்றும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காய்ச்சலோடு வரும் கைக்குழந்தைக்கு, மருந்து தொடங்குவதற்கு முன் யூரின் கல்ச்சருக்கு (சிறுநீரில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை) சிறுநீர் பிடித்துத் தாருங்கள் என்று சொன்னால் பெரும்பாலான பெற்றோர் தயங்குகிறார்கள். இரவு முழுவதும் தூங்காத களைப்பு, குழந்தையின் அழுகை, ரிப்போர்ட் வர இரண்டு நாள் ஆகும் என்ற கவலை எல்லாம் சேர்ந்த தயக்கம் அது. அந்த அரை மணி நேரப் பொறுமை இன்று முன்னெப்போதையும்விட ஏன் அவசியமாகிவிட்டது என்பதை, குழந்தை மருத்துவரிடம் பெற்றோர் கேட்கும் கேள்விகள் வழியாகவே விளக்க முயன்றிருக்கிறேன். எந்த மருந்தை எத்தனை மில்லி தருவது என்பதைக் குழந்தையை நேரில் பரிசோதிக்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய முடியும் என்பதால் அளவுகள் எதையும் இங்கே குறிப்பிடவில்லை.

சளி, இருமல் எதுவும் இல்லை, வெறும் காய்ச்சல்தான். அதற்கு ஏன் சிறுநீர்ப் பரிசோதனை?

வெறும் காய்ச்சல் என்பதுதான் காரணம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் இருந்து, தொண்டை, காது, நெஞ்சு எதிலும் காரணம் தென்படாதபோது, அப்படிப்பட்ட 100 குழந்தைகளில் ஏறத்தாழ 5 முதல் 7 பேருக்குச் சிறுநீரில் தொற்று இருக்கும். பேசத் தெரியாத குழந்தை எரிச்சலைச் சொல்லாது. பால் குடிக்க மறுப்பது, வாந்தி, காரணமின்றிச் சிணுங்குவது, எடை ஏறாமல் நிற்பது, பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை நீடிப்பது ஆகியவையே அதன் மொழி. மூன்று நான்கு வயதுக்கு மேல் எரிச்சல், அடிவயிற்று வலி, அடிக்கடி ஓடுவது, படுக்கையை நனைப்பதை நிறுத்திய குழந்தை மீண்டும் நனைப்பது போன்ற அடையாளங்கள் தெளிவாகத் தெரியும். ஏழு வயதை எட்டுவதற்குள் 100 பெண் குழந்தைகளில் சுமார் 8 பேருக்கும், 100 ஆண் குழந்தைகளில் சுமார் 2 பேருக்கும் ஒரு முறையாவது இந்தத் தொற்று வந்துவிடுகிறது.

இது உடம்புச் சூட்டினால் வரும் நீர்க்கடுப்பு இல்லையா?

கோடையில் தண்ணீர் போதாமல் சிறுநீர் அடர்ந்து மஞ்சளாகி எரிச்சல் தருவது உண்டு. தண்ணீர் நிறையக் குடித்தால் அது அன்றைக்கே தணிந்துவிடும். எரிச்சலோடு காய்ச்சலும் சேர்ந்தால் அதைச் சூடு என்று எண்ணி இளநீரும் விளக்கெண்ணெயுமாக நாள்களைக் கடத்தக் கூடாது. காய்ச்சலோடு வரும் தொற்று பெரும்பாலும் சிறுநீர்ப்பையோடு நிற்காமல் சிறுநீரகத்தை எட்டியிருக்கும்.

மருந்து எதிர்ப்பு என்றால் என் குழந்தையின் உடம்புக்கு அந்த மருந்து பழகிவிட்டது என்று பொருளா?

இல்லை. இந்தத் தவறான புரிதலைத்தான் அதிகமாகக் கேட்கிறேன். மருந்தை எதிர்த்து நிற்பது கிருமி. உடம்புக்கு அதில் பங்கில்லை. குழந்தைகளின் சிறுநீர்த் தொற்றில் 80 முதல் 90 சதவீதம் வரை ஈ.கோலி என்னும் குடல்வாழ் நுண்ணுயிரால் வருகிறது. குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் தீங்கு செய்யாத அது, மலவாய்ப் பகுதியிலிருந்து சிறுநீர்த் துவாரம் வழியாக மேலேறும்போது நோயாகிறது. இந்த ஈ.கோலியில் சில வகைகள், பென்சிலின், செஃபலோஸ்போரின் குடும்ப மருந்துகளை வெட்டிச் சிதைக்கும் நொதிகளைத் தாமே சுரக்கின்றன. ரிப்போர்ட்டில் ஈஎஸ்பிஎல் என்று குறிக்கப்படுவது அத்தகைய நொதிதான். செஃபிக்ஸிம் சிரப், செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி என்று நாம் அன்றாடம் நம்பியிருக்கும் மருந்துகள் அதன் முன் பயனற்றுப் போகின்றன.

என் மகள் இதுவரை ஆன்டிபயாடிக்கே சாப்பிட்டதில்லை. அவளுக்கு எப்படி இந்தக் கிருமி வந்தது?

நொதியை உண்டாக்கும் மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் இருக்கிறது. ஒரு நுண்ணுயிர் அந்த வளையத்தைப் படியெடுத்துப் பக்கத்து நுண்ணுயிருக்குக் கொடுத்துவிடும். வாங்கும் நுண்ணுயிர் வேறு இனமாக இருந்தாலும் கொடுக்கும். ஒரே வளையத்தில் நான்கைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்தே இருப்பதும் உண்டு. ஆகவே வீட்டில் தாத்தா மருத்துவமனையில் நெடுநாள் ஊசி போட்டுக்கொண்டு திரும்பியிருந்தாலும், பிரசவ நேரத்தில் தாயின் குடலில் அப்படிப்பட்ட கிருமி இருந்திருந்தாலும், கழிவுநீர் கலந்த தண்ணீர் வழியாகவும், கை கழுவாத விரல் வழியாகவும் அது குழந்தையின் குடலில் குடியேறலாம். கோழிப் பண்ணைகளும் கால்நடைப் பண்ணைகளும் இந்தச் சங்கிலியில் உண்டு. கடைசிக் கட்ட மருந்தான கொலிஸ்டினைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுப்பதை இந்திய அரசு 2019இல் தடை செய்தது அதனால்தான்.

குழந்தை முன்பு ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் ஆபத்து இன்னும் கூடுகிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 26 நாடுகளின் 58 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்ட குழந்தையின் சிறுநீர்த் தொற்றில் எதிர்ப்புள்ள ஈ.கோலி இருக்கும் வாய்ப்பு ஆறு மாதம் வரைகூட உயர்ந்தே இருக்கிறது. வைரஸால் வந்த சளிக்கு ஜனவரியில் தேவையில்லாமல் கொடுத்த சிரப், மே மாதத்துச் சிறுநீர்த் தொற்றைக் கடினமாக்கக்கூடும் என்று அதற்குப் பொருள்.

நம் நாட்டில் நிலைமை எவ்வளவு மோசம்?

அதே தொகுப்பாய்வில், வளர்ந்த நாடுகளின் குழந்தைகளிடம் எடுத்த ஈ.கோலியில் ஆம்பிசிலினுக்கு அடங்காதவை ஏறத்தாழ 53 சதவீதம்; வளரும் நாடுகளில் ஏறத்தாழ 80 சதவீதம். அமாக்ஸிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மருந்தில் வேறுபாடு இன்னும் கசப்பானது: அங்கே சுமார் 8, இங்கே சுமார் 60. மருந்துச் சீட்டு இல்லாமலே கடையில் ஆன்டிபயாடிக் கிடைப்பது இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு அறிக்கைகள் பெரிய மருத்துவமனைகளிலிருந்து, எல்லா வயது நோயாளிகளிடமும் திரட்டியவை என்பதால் அவற்றை அப்படியே வீட்டுக் குழந்தைக்குப் பொருத்தக் கூடாது. எனினும் போக்கு தெளிவாகத் தெரிகிறது. மருத்துவமனையில் மட்டும் ஊசியாகத் தரும் உயர்நிலை மருந்தான இமிபெனெமுக்குக் கட்டுப்பட்ட ஈ.கோலி 2017இல் ஏறத்தாழ 81 சதவீதமாக இருந்தது, 2023இல் ஏறத்தாழ 63 சதவீதமாகச் சுருங்கியது. தமிழ்நாட்டு வாசகருக்கு இன்னொன்றும் நினைவிருக்கலாம். இமிபெனெம் போன்ற மருந்துகளையே சிதைக்கும் என்டிஎம்-1 நொதி தெற்காசியாவிலும் பிரிட்டனிலும் பரவியிருப்பதை 2010இல் உலகுக்கு அறிவித்த ஆய்வில், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் முதல் ஆசிரியராக இருந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2012இல், இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி மருந்து எதிர்ப்பைக் கட்டுப்படுத்துவதற்கான சென்னைப் பிரகடனத்தை வகுத்தன.

சரி, மருந்தை முதலில் தொடங்கிவிட்டு, காய்ச்சல் குறையாவிட்டால் கல்ச்சர் எடுத்தால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரமிருப்பவர் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதல் வேளை ஆன்டிபயாடிக் உள்ளே போன சில மணி நேரத்திலேயே அது சிறுநீரில் செறிந்து சேர்ந்துவிடுகிறது. அதன் பிறகு எடுக்கும் சிறுநீரில் கிருமி ஆய்வகத் தட்டில் வளராமல் போகலாம். ஆனால் சிறுநீரகத் திசுவுக்குள் அது உயிரோடு இருக்கலாம். மூன்றாம் நாள் குழந்தைக்கு இன்னும் காய்ச்சல் அடிக்கிறது, கல்ச்சர் ரிப்போர்ட்டிலோ வளர்ச்சி இல்லை என்று இருக்கிறது. இது மருந்துக்கு அடங்காத கிருமியா, தொற்றே இல்லாமல் வேறு காய்ச்சலா, சீழ்க் கட்டியா என்று மருத்துவருக்கும் தெரியாது. தெரியாத நிலையில் அவர் செய்யக்கூடியது இன்னும் வலுவான மருந்துக்குத் தாவுவதுதான். இப்படி இருட்டில் தாவிய ஒவ்வொரு தாவலும் அடுத்த குழந்தைக்கான மருந்தைக் குறைக்கிறது.

முன்பு, பத்துக் கிருமியில் ஒன்பது வழக்கமான சிரப்புக்கு அடங்கிய காலத்தில், கல்ச்சர் இல்லாத ஊகம் பெரும்பாலும் பலித்தது. இன்று அந்த ஊகத்தை அவ்வளவு நம்ப முடிவதில்லை. அதற்காக ரிப்போர்ட் வரும்வரை மருந்து தராமல் காத்திருக்கவும் கூடாது. காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்கு மேல் தாமதித்துச் சிகிச்சை தொடங்கியவர்களுக்குச் சிறுநீரகத் தழும்பு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது என்று 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. காய்ச்சலோடு வரும் முதல் தொற்றுக்குப் பிறகு 100 குழந்தைகளில் சுமார் 15 பேருக்குத் தழும்பு விழுகிறது. ஆகவே வரிசை இதுதான்: முதலில் சிறுநீர், உடனே மருந்து, இரண்டு மூன்று நாளில் ரிப்போர்ட்டைப் பார்த்து மருந்தைத் தொடர்வதா மாற்றுவதா என்ற முடிவு.

கைக்குழந்தையிடம் சிறுநீரை எப்படிப் பிடிப்பது? பை ஒட்டினால் எளிதாக இருக்கிறதே?

பை எளிதுதான். ஆனால் தோலிலும் மலவாய்ப் பகுதியிலும் உள்ள கிருமிகள் அந்தப் பைக்குள் இறங்கிவிடுவதால், பையில் எடுத்த சிறுநீரில் கிருமி வளர்ந்தால் அது தொற்றா, அழுக்கா என்று பிரிக்க முடியாது. இல்லாத தொற்றுக்கு ஊசி போட நேர்வதும் எதிர்ப்பை வளர்க்கும் வழிகளில் ஒன்று.

வீட்டுப் பெரியவர் ஒருவர் உடனிருந்தால் பின்வரும் முறை பெரும்பாலும் கைகூடும். குழந்தைக்குப் பால் கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து, இடுப்புக்குக் கீழே சோப்புத் தண்ணீரால் கழுவி, துடைத்து, ஒருவர் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் மூடி திறந்த கிருமிநீக்கிய டப்பாவை, உட்புறம் விரல் படாமல், தயாராகப் பிடித்திருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த பஞ்சுத் துணியால் அடிவயிற்றை வட்டமாக மெல்லத் தேய்த்தால் பல குழந்தைகள் சில நிமிடங்களில் சிறுநீர் கழித்துவிடும். ஆஸ்திரேலியாவில் 354 குழந்தைகளிடம் இதைச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள்: தேய்த்தவர்களில் 31 சதவீதம் பேர் ஐந்து நிமிடத்துக்குள் சிறுநீர் கழித்தனர், தேய்க்காதவர்களில் 12 சதவீதம் பேர்தான். முதல் சில சொட்டுகளைத் தரையில் விட்டுவிட்டு நடுப்பகுதியைப் பிடிக்க வேண்டும். குழந்தை மிகவும் சோர்ந்திருந்தால் காத்திருக்க நேரமில்லை. மெல்லிய குழாய் செருகி எடுப்பதற்கு மருத்துவர் அனுமதி கேட்டால் தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். ஒரு நிமிட வேலை அது.

பிடித்த சிறுநீரை ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். உகந்த வெப்பத்தில் ஈ.கோலி சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. அந்தக் கணக்கில் ஒரே ஒரு கிருமி மூன்று மணி நேரத்தில் 512 ஆகும். நம் ஊர் மதிய வெயிலில், மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் கிடந்த டப்பா எதைக் காட்டும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். உடனே கொண்டுபோக முடியாவிட்டால் குளிர்பெட்டியில், உறைநிலைப் பகுதியில் அல்லாமல், கீழ்த்தட்டில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்கலாம்.

ரிப்போர்ட்டில் எஸ், ஐ, ஆர் என்று வரிசையாக இருக்கிறது. எப்படிப் படிப்பது?

மேலே கிருமியின் பெயரும் எண்ணிக்கையும் இருக்கும். நடுப்பகுதியில் பிடித்த சிறுநீரில் ஒரு மில்லிக்கு 1,00,000க்கு மேல் ஒரே வகைக் கிருமி வளர்ந்திருப்பது வழக்கமான அளவுகோல். குழாய் வழி எடுத்ததற்கு அதைவிடக் குறைந்த எண்ணிக்கையே போதும். மூன்று வகைக் கிருமிகள் கலந்து வளர்ந்ததாக எழுதியிருந்தால் அது பெரும்பாலும் சிறுநீர் பிடித்ததில் நேர்ந்த பிழை. கீழே மருந்துகளின் பட்டியலில் எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும், ஆர் என்றால் அடங்காது, ஐ என்றால் கூடுதல் அளவில் கொடுத்தால் அடங்கக்கூடும். சில ரிப்போர்ட்டுகளில் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே ஓர் எண்ணும் இருக்கும். எண் குறைவாக உள்ள மருந்துதான் வலுவானது என்று எண்ணிப் பல தந்தையர் அந்த வரியில் பேனாவால் வட்டமிட்டுக் கொண்டுவருகிறார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் வேறு என்பதால் ஒன்றின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

ரிப்போர்ட்டில் ஆர் என்று வந்த மருந்தைத்தான் குழந்தை சாப்பிடுகிறாள். ஆனால் காய்ச்சல் நின்றுவிட்டதே?

இது அரிதல்ல. தட்டில் சோதிக்கும் அளவைவிடச் சிறுநீரில் மருந்து பல மடங்கு செறிவாகச் சேர்வதும், உடம்பின் சொந்த எதிர்ப்பாற்றலும் இதற்குக் காரணம். குழந்தை விளையாடத் தொடங்கி, நன்றாகச் சாப்பிட்டு, காய்ச்சல் முற்றிலும் விட்டிருந்தால், காகிதத்தை மட்டும் பார்த்து மருந்தை மாற்ற வேண்டியதில்லை என்பதே என் கருத்து. குழந்தையை மறுபடி பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். 48 மணி நேரம் கழிந்தும் காய்ச்சல் குறையாவிட்டால் அந்த ஆர் முழுப் பொருளோடு பேசுகிறது.

ஈஎஸ்பிஎல் என்று வந்துவிட்டது. இனி என்ன வழி?

வழி இருக்கிறது, அஞ்சிவிட வேண்டாம். காய்ச்சல் இல்லாத, சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றுக்கு நைட்ரோஃபுரான்டோயின் என்ற பழைய வாய்வழி மருந்து பல ஈஎஸ்பிஎல் கிருமிகளையும் இன்றும் அடக்குகிறது. அது சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது என்பதால் காய்ச்சலுள்ள தொற்றுக்கு உதவாது. பிறந்த ஒரு மாதத்துக்குள் தரவும் கூடாது. காய்ச்சல் இருந்தால் ரிப்போர்ட்டுக்கு ஏற்ப அமிக்காசின் ஊசி பெரும்பாலும் கைகொடுக்கும். நாளுக்கு ஒரு முறை போட்டால் போதும் என்பதால், நல்ல நிலையில் உள்ள குழந்தையை வீட்டிலிருந்தே தினமும் அழைத்துவந்து போடும் வழியும் உண்டு. சிறுநீரகமும் செவியும் பாதிக்காதபடி கண்காணிக்க வேண்டும். கடுமையாக நோயுற்ற குழந்தைக்கும், வேறு மருந்து பொருந்தாதபோதும்தான் மெரோபெனெம் போன்றவற்றை மருத்துவமனையில் வைத்துத் தருகிறோம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்தக் கிருமியானாலும் பொதுவாக மருத்துவமனைச் சேர்க்கையே பாதுகாப்பு.

காய்ச்சல் இரண்டாம் நாளே விட்டுவிட்டது. மருந்தை எத்தனை நாள் தர வேண்டும்?

காய்ச்சலுள்ள தொற்றுக்கு வழக்கமாக 7 முதல் 10 நாள், காய்ச்சலில்லாத சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு 3 முதல் 5 நாள். நாளைக் குறைக்கலாமா என்று ஆராய்ச்சி நடந்தபடிதான் இருக்கிறது. ஐந்தாம் நாளுக்குள் நன்கு தேறிய குழந்தைகளுக்கு அத்தோடு நிறுத்துவதையும் 10 நாள் தருவதையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2023இல் வந்தது. ஐந்து நாளில் நிறுத்தியவர்களில் 4.2 சதவீதம் பேருக்கும், பத்து நாள் சாப்பிட்டவர்களில் 0.6 சதவீதம் பேருக்கும் சிகிச்சை தோற்றது. குறைந்த நாள் சிகிச்சை பலருக்குப் போதும் என்பதும், எல்லாருக்கும் போதாது என்பதும் இதில் தெரிகின்றன. ஆகவே நாளைக் குறைக்கும் முடிவு மருத்துவருடையதாக இருக்கட்டும்.

போன முறை வாங்கிய சிரப் குளிர்பெட்டியில் மீதமிருக்கிறது. அவசரத்துக்கு ஒரு வேளை கொடுக்கலாமா?

கூடாது. பொடியாக வரும் சிரப்பில், கொதித்து ஆறிய தண்ணீரைக் குறியிட்ட கோடு வரை ஊற்றிக் கலக்கிய நாளிலிருந்தே அதன் ஆயுள் தொடங்குகிறது. அமாக்ஸிசிலின்-கிளாவுலனிக் அமிலம் குளிர்பெட்டியிலும் ஏழு நாளுக்குமேல் வலுவோடு இருப்பதில்லை. வலுவிழந்த மருந்தின் ஒரு வேளை, கிருமியைக் கொல்லவும் போதாது; கல்ச்சரைக் கெடுக்க மட்டும் போதும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் தருவதில் தடையில்லை, அது கல்ச்சரைப் பாதிக்காது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்குவதும் இதே தீங்குதான். செஃபிக்ஸிம் போன்ற மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களும், இமிபெனெம், மெரோபெனெம் போன்ற கார்பபெனெம்களும் 2014 மார்ச் முதல், விற்பனைக்குக் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் எச்1 அட்டவணையில் வருகின்றன. சீட்டின்றி விற்கக் கூடாது. நோயாளி, மருத்துவர் பெயர்களோடு தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். பக்கத்துத் தெருக் கடைக்காரர் தெரிந்தவர் என்பதற்காக அந்தச் சட்டத்தை மீறும்படி அவரை நாம் கேட்கக் கூடாது.

திரும்பத் திரும்ப வருகிறது. தினமும் ஒரு வேளை தடுப்பு மருந்து கொடுத்தால் நின்றுவிடாதா?

சிறுநீர் பின்னோக்கிச் சிறுநீரகத்துக்கு ஏறும் குறைபாடு உள்ள 607 குழந்தைகளிடம் இதைச் சோதித்த பெரிய அமெரிக்க ஆய்வு 2014இல் வெளியானது. இரண்டு ஆண்டு தினசரி மருந்து கொடுத்ததில், மீண்டும் தொற்று வருவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஆனால் தழும்பு விழுவது குறையவில்லை. மருந்து சாப்பிட்டும் ஈ.கோலித் தொற்று வந்தவர்களிடம் 63 சதவீதம் கிருமிகள் அந்த மருந்துக்கு அடங்காதவையாக இருந்தன. சாப்பிடாதவர்களிடம் அது 19 சதவீதம். அதனால் பின்னேற்றம் கடுமையாக உள்ள குழந்தைகள் போன்ற சிலருக்கு மட்டுமே இன்று இதைப் பரிந்துரைக்கிறோம்.

தடுப்பு மருந்தைக் கேட்கும் முன், குழந்தை தினமும் மலம் கழிக்கிறாளா என்று பாருங்கள். மலச்சிக்கலால் நிரம்பிய குடல் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் தேங்குகிறது. தேங்கிய நீரில் கிருமி பெருகுகிறது. மலச்சிக்கலைச் சரிசெய்ததாலேயே தொற்று நின்ற குழந்தைகள் பலர். அடுத்தது பள்ளிக் கழிப்பறை. தண்ணீர் வராத, தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குப் பயந்து, காலையில் கொடுத்தனுப்பிய தண்ணீர்க் குப்பியை அப்படியே மாலையில் திருப்பிக் கொண்டுவரும் பெண் குழந்தைகளை வாரந்தோறும் பார்க்கிறேன். அந்தக் குப்பியை மாலையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் ஆசிரியரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கவும், அவசரப்படாமல் முழுவதும் கழிக்கவும், முன்னிருந்து பின்னாகக் கழுவவும் பழக்க வேண்டும்.

வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர் கொடுக்கலாமா?

ஓரளவு வளர்ந்த குழந்தைக்கு நீராகாரமாகக் கொடுக்கலாம். சிறுநீரகத்தில் இறங்கிய கிருமியை அவை அகற்றா.

மருந்து முடிந்ததும் மறுபடி கல்ச்சர் எடுக்க வேண்டுமா?

குழந்தை நலமாக இருந்தால் வேண்டாம். நோய்க்குறி எதுவும் இல்லாதபோது சிறுநீரில் தற்செயலாகத் தென்படும் கிருமிக்கு மருந்து கொடுப்பதும் தவறு. தீங்கற்ற கிருமியை அழித்து, அந்த இடத்தில் அடங்காத கிருமி குடியேற வழி செய்வதாக அது முடியும். ஸ்கேன் முதலிய பரிசோதனைகள் எவை தேவை என்பது வயதையும் தொற்றின் தன்மையையும் பொறுத்தது.

அடுத்த முறை காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் எதை எடுத்துச் செல்ல வேண்டும்?

பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டுகள் அனைத்தையும், கடந்த ஆறு மாதத்தில் குழந்தை சாப்பிட்ட ஆன்டிபயாடிக்குகளின் பெயர்களையும் தேதிகளையும் கொண்டுபோங்கள். பெயர் நினைவில்லாவிட்டால் காலிக் குப்பியின் படம் போதும். போன முறை எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கியது என்று தெரிந்தால், ரிப்போர்ட் வருவதற்கு முந்தைய அந்த இரண்டு நாளுக்கான மருந்தை மருத்துவர் ஊகத்தால் இல்லாமல் ஆதாரத்தோடு தேர்ந்தெடுக்க முடியும். கிருமிநீக்கிய டப்பா ஒன்றையும் முன்கூட்டியே வாங்கி, பிரிக்காமல் வீட்டில் வைத்திருங்கள். நள்ளிரவில் காய்ச்சல் ஏறும்போது திறந்திருக்கும் ஆய்வகத்தைத் தேடுவதைவிட, மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் குழந்தை கழிக்கும் சிறுநீரைப் பிடித்துக்கொள்வது எளிது.